பெரிய சார் இருக்காரா?

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு வாரமாக ஒரு தாள் கிடக்கிறது. அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் பதவி உயர்வுக்கான பட்டியலில் ஒரு பக்கம். வாட்ஸப்பில் வந்ததை நான்தான் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து எடுத்து வந்தேன். நடுவில் என் மனைவியின் பெயர். பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. அது அவள் போட்டது.

"உரிமை விட்டு எழுதிக் குடுத்துடலாமான்னு பாக்கறேன்" என்றாள்.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பதவி உயர்வு இப்போது வேண்டாம் என்று ஆசிரியரே எழுதிக் கொடுப்பதைத்தான் உரிமை விடுவது என்போம். விட்டால் சில வருடங்களுக்குப் பெயர் மறுபடி வராது. கலந்தாய்வில் எந்த மூலையில் இடம் கிடைக்குமோ தெரியாது. என் அம்மாவுக்கு முட்டி வலி. பையன் பதினொன்றாம் வகுப்பு. இருபது வருடம் தாண்டி, தேர்வுநிலை, சிறப்புநிலை என்கிற ஊதிய உயர்வெல்லாம் வாங்கியவர்களுக்குத் தலைமை ஆசிரியர் ஆவதால் கையில் கூடுதலாக வருவதும் பெரிய தொகை இல்லை. கூடுவது தலைவலிதான். ஆண்களும் உரிமை விடுகிறார்கள். ஆண் விட்டால் "விவரமான ஆளு, எதுக்கு வம்புன்னு விட்டுட்டார்" என்போம். பெண் விட்டால் "பொம்பளைங்க பொறுப்பு எடுக்க மாட்டாங்கப்பா" என்போம். இந்த இரண்டாவது வாக்கியத்தை ஆசிரியர் அறையில் டிபன் பாக்ஸைத் திறந்தபடி நானே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

நான் கணக்குப் பட்டதாரி ஆசிரியர். 2004இல் தொகுப்பூதியத்தில், மாதம் 4000 ரூபாய்க்குச் சேர்ந்த கூட்டத்தில் ஒருவன். 2006 ஜூனில்தான் எங்களைக் காலமுறை ஊதியத்துக்கு, அதாவது முறையான சம்பள விகிதத்துக்குக் கொண்டு வந்தார்கள். முதல் பள்ளி திண்டிவனம் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே. பத்தாம் வகுப்பு வரை. ஆண்களும் பெண்களும் சேர்ந்து படிக்கும் பள்ளி.

அப்போதிருந்த ஹெச்.எம்.முக்கு நாங்கள் வைத்த பெயர் புலி. ஒன்பதே கால் மணிக்கு அவர் பள்ளிக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் இருப்பார். நாங்களும் அங்கே போய் நிற்போம். ஊரில் யார் வீட்டு மாடு கன்று போட்டது என்பது வரை அவருக்கு அங்கேயே தெரிந்துவிடும். பத்து மணி வாக்கில் உள்ளே வந்து வருகைப் பதிவேட்டில் சிவப்புக் கோடு இழுப்பார். கோடு விழுந்த பிறகு வந்தவர் தாமதம். அந்தக் கணக்கில் யாருமே தாமதம் ஆகமாட்டோம். சத்தம் போடுவார், பையன்களை அடிப்பார், எங்களைக்கூட எல்லார் முன்னாலும் "யோவ்" என்பார். வெளியே வந்து பெருமையாகத்தான் பேசிக்கொள்வோம்: "புலி இன்னைக்கு உறுமிடுச்சுப்பா."

2011 ஜூனில் புதிய ஹெச்.எம். வருகிறார் என்று தகவல் வந்தது. ஆணும் வைக்கலாம் பெண்ணும் வைக்கலாம் என்கிற மாதிரியான பெயர். ஆசிரியர் அறையில் எழுந்த முதல் கேள்வி எந்தப் பாடம், எந்த ஊர் என்பதெல்லாம் இல்லை. "ஆம்பளையா, பொம்பளையா?" உடற்கல்வி ஆசிரியர் ஒரு போன் போட்டு விசாரித்துவிட்டு, கையைக் கவிழ்த்துக் காட்டினார். எல்லாருக்கும் புரிந்தது. "கேர்ள்ஸ் ஸ்கூலா பாத்து எடுத்திருக்கலாமே" என்று சொன்னது ஒரு டீச்சர்தான். பெண்கள் பள்ளிக்குப் பெண்ணைத்தான் தலைமை ஆசிரியராகப் போடுவார்கள். அதனால் பெண்களுக்கு அங்கேதான் இடம், மற்றதெல்லாம் நம்முடையது என்று எங்களுக்குள் ஒரு பாகப்பிரிவினை நடந்திருந்தது.

அவர் வந்த முதல் நாள் செய்த காரியத்தை நான் புரிந்துகொள்ள வருடக்கணக்கில் ஆனது. ஹெச்.எம். அறையில், நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு ஆணி. அதில் ஒரு சாவி. உதவியாளரைக் கூப்பிட்டு அந்த ஆணியைப் பிடுங்கி, ஆசிரியர் அறைக் கதவுக்கு வெளியே அடிக்கச் சொன்னார். அவ்வளவுதான். எனக்கு அது என்ன சாவி என்றே தெரியாது. பக்கத்து மேசை தமிழ் டீச்சரிடம் கேட்டேன். "லேடீஸ் டாய்லெட் சாவி சார்" என்றார், கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஏழு வருடமாக அந்தப் பள்ளியில் நான்கு டீச்சர்கள் ஒவ்வொரு முறையும் புலியின் அறைக்குள் போய், அவர் நாற்காலிக்குப் பின்னால் எட்டி, அந்தச் சாவியை எடுத்திருக்கிறார்கள். உள்ளே ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தால் அவர்கள் போகும் வரை காத்திருந்திருக்கிறார்கள். புலி கெட்டவர் இல்லை. எனக்குத் தோன்றாததுபோல அவருக்கும் அது தோன்றவே இல்லை.

ஆனால் அன்று எங்கள் கண்ணில் பட்டது சாவி இல்லை, கோடு. முதல் மணி ஒன்பது இருபதுக்கு. ஒன்பது இருபத்தைந்துக்கு மேடம் பதிவேட்டில் சிவப்பு மையில் கோடு இழுத்துவிட்டார். என் பஸ் ஒன்பதரைக்குத்தான் வரும். முதல் வாரத்திலேயே என் பெயருக்கு நேரே மூன்று தாமதம். எட்டாவது ஆண்டில் முதல்முறையாக எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க ஆரம்பித்தேன். அந்த எரிச்சலில் நான்தான் அவருக்குப் பெயர் வைத்தேன்: சிவப்பு மை. உடனே ஒட்டிக்கொண்டது. புலி என்று சொல்லும்போது இருந்த பெருமை இதில் இல்லை. முகத்தைக் கோணிக்கொண்டு சொல்வோம்.

ஊருக்கு இது இன்னும் குழப்பம். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் தலைமை ஆசிரியர் என்றால் பெரிய சார். மேடம் வந்து இரண்டு வருடம் ஆன பிறகும் பெற்றோர் வராண்டாவில் நின்று "பெரிய சார் இருக்காரா?" என்று கேட்பார்கள். உடற்கல்வி ஆசிரியருக்கு நரைத்த மீசை, ஆறடி உயரம். நேராக அவரிடம்தான் போவார்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர்கூட ஜீப்பிலிருந்து இறங்கி, வாசலில் நின்ற மேடத்தைத் தாண்டி வந்து உடற்கல்வி ஆசிரியரின் கையைக் குலுக்கினார். பீ.டி. சார் கூச்சத்தில் நெளிந்தார் என்று எழுத ஆசை. நெளியவில்லை. "வாங்க சார்" என்று உள்ளே அழைத்துப் போனார். பின்னாலேயே மேடம் வந்தார்.

டீச்சர்களுக்கு மேடத்தின் மேல் இருந்த கோபம் வேறு வகை, எங்களுடையதைவிட ஆழமானது. ஒரு டீச்சருக்குப் பிள்ளையின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டார். மேடம் சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "வருஷத்துக்குப் பன்னெண்டு சி.எல். இருக்கு. அரை நாள் எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா போய்ட்டு வாங்க டீச்சர். ஒரு மணி நேரம்னு போட்டுட்டு மதியம் வரைக்கும் வராம இருக்க வேணாம்." டீச்சர் ஆசிரியர் அறைக்கு வந்து கண் கலங்கினார். "அவங்களும் ஒரு பொம்பளதானே? புள்ள பெத்தவங்கதானே? புரிஞ்சுக்க வேணாமா?" இதையே புலி சொல்லியிருந்தால் திட்டிக்கொண்டே அரை நாள் எழுதிக் கொடுத்திருப்பார், அத்தோடு முடிந்திருக்கும். ஆண் ஹெச்.எம்.மிடம் எதிர்பார்ப்பது நிர்வாகம். பெண் ஹெச்.எம்.மிடம் அக்காவை எதிர்பார்க்கிறோம். அக்காவாக இல்லாவிட்டால் அவர் ராட்சசி. நடுவில் ஒரு சாதாரண அதிகாரியாக இருப்பதற்கு அவருக்கு நாற்காலியே கிடையாது.

மேடம் வந்த அதே வருடம்தான் கிராமப்புற மாணவிகளுக்கு விலையில்லா நாப்கின் தரும் திட்டம் அறிவித்தார்கள். பின்னால் மூட்டை வந்து இறங்கியதும் ஆண்கள் எல்லாரும் ஆளுக்கொரு நோட்டைப் பிரித்துக் குனிந்துகொண்டோம். மேடம் ஆசிரியர் கூட்டத்தில், சாக்பீஸ் எத்தனை பெட்டி வந்தது என்று சொல்கிற அதே குரலில், இத்தனை பாக்கெட், இன்னார் பொறுப்பு, இந்தப் பதிவேட்டில் கையெழுத்து என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். அறிவியல் சார் மட்டும் வெளியே வந்து "கூச்ச நாச்சமே இல்லப்பா" என்றார். அவர் பத்தாம் வகுப்புக்கு இனப்பெருக்கப் பாடம் எடுக்கிறவர். சரி, போகட்டும்.

இனி நான் எழுதத் தயங்கிய பகுதி.

2013 பங்குனி. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரில் உத்திரத் திருவிழா. பள்ளிச் சுவரை ஒட்டிய புளிய மரத்தில் கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டி, காலை முதல் பாட்டு. பிள்ளைகளுக்குத் திருப்புதல் தேர்வு நடத்த முடியவில்லை. "ஆம்பள ஹெச்.எம்.மா இருந்தா டீக்கடையிலேயே பேசி முடிச்சிருப்பார்" என்று அறையில் பேச்சு. அது பொய்யும் இல்லை. மேடம் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார முடியாது. உட்கார்ந்தால் அதற்கும் நாங்களே கதை கட்டியிருப்போம். அவர் முதலில் கடிதம் எழுதினார், நகல் வைத்துக்கொண்டார். பதில் வரவில்லை. "சார், கூட வாங்க" என்று என்னை அழைத்துக்கொண்டு பஞ்சாயத்து அலுவலகத்துக்குக் கிளம்பினார்.

அங்கே நாலைந்து பேர். எங்களுக்கு நாற்காலி போட்டார்கள். மேடம் விஷயத்தைச் சொன்னார்: காலை ஒன்பதரை முதல் மாலை நாலரை வரை மட்டும் நிறுத்தி வையுங்கள், மற்ற நேரம் உங்கள் இஷ்டம். தலைவர் கேட்டுக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "சாருக்குத் தெரியாதா, வருஷத்துக்கு ஒரு தடவ சாமி காரியம்" என்றார். மேடம் அடுத்த கேள்வி கேட்டார். அதற்கும் பதில் எனக்கு வந்தது. இன்னொருவர் "சார் சொன்னா சரி" என்றார். இப்படிப் பத்து நிமிடம். அவர் கேட்பார், அவர்கள் என்னைப் பார்த்துப் பதில் சொல்வார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பேசினேன். "சரிங்க தலைவரே, பசங்க படிப்பு... கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க" என்று சிரித்துக்கொண்டே பேசி, சத்தத்தைக் குறைத்து வைப்பதாக ஒரு சமாதானத்துக்கு வந்தேன். எனக்கு உள்ளே சந்தோஷமாகவும் இருந்தது. என்னால்தான் காரியம் ஆயிற்று என்கிற சந்தோஷம்.

திரும்பி நடக்கும்போது மேடம் ஒன்றும் பேசவில்லை. பள்ளி கேட் வந்ததும் நின்று, "நீங்க பதில் சொல்லியிருக்க வேணாம் சார். 'மேடத்துக்கிட்ட சொல்லுங்க'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உள்ளே போய் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. உதவிக்குப் போனவனுக்கு இதுவா என்று. அறையில் வந்து எல்லாரிடமும் சொல்லிப் புலம்பினேன். எல்லாரும் என் பக்கம் பேசினார்கள். பாட்டுச் சத்தம் இரண்டு நாள் குறைந்திருந்தது, மூன்றாவது நாள் பழையபடி ஆனது. நான் பேசி வாங்கிய சமாதானத்தின் ஆயுள் அவ்வளவுதான்.

அதன் பிறகு அவர் எங்களில் யாரையும் துணைக்கு அழைக்கவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தில் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று உண்டு. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். புலி காலத்தில் அது ஒரு கையெழுத்து நோட்டு. வீட்டுக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்கி வருவோம். மேடம் அந்தப் பெண்களைப் பள்ளிக்கு வரவழைத்து உட்கார வைத்துப் பேசினார். நூறு நாள் வேலை முடிந்து வந்து, தலையில் கட்டிய துண்டோடு உட்கார்ந்திருப்பார்கள். அடுத்த வருடம் பங்குனியில் அவர்களில் பன்னிரண்டு பேர் பஞ்சாயத்து அலுவலகம் போனார்கள். தலைவருக்குத் திரும்பிப் பார்த்துப் பதில் சொல்ல அங்கே ஒரு சாரும் இல்லை. கூம்பு கோயில் பக்கத்து வேப்ப மரத்துக்குப் போனது. "பொம்பளைங்கள சேத்துக்கிட்டு அரசியல் பண்றாங்க" என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அதுவும் நடந்ததுதான்.

தேர்ச்சி விகிதம் பற்றி ஒரு வார்த்தை. முதன்மைக் கல்வி அலுவலர் கூட்டம் என்றால் எல்லா ஹெச்.எம்.முக்கும் வயிற்றைக் கலக்கும். விகிதம் குறைந்த பள்ளிக்காரர்கள் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். புலி அங்கிருந்து திரும்பி வந்தால் எங்கள் மேல் விழுவார். "பாவம், அங்க என்ன பேச்சு வாங்கினாரோ" என்போம். மேடம் திரும்பி வந்தால் பையை வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விடுவார். "அழுத்தக்காரி" என்போம். விகிதம் ஏறிய வருடம் நாங்கள் உழைத்தோம். இறங்கிய வருடம் அவருக்கு நிர்வாகம் தெரியவில்லை.

எல்லாப் பெண் ஹெச்.எம்.களும் இப்படி என்று சொல்ல வரவில்லை. பின்னால் வேறொரு பள்ளியில் ஒருவரிடம் வேலை பார்த்தேன். அவருடைய கணவர் வாரம் இரண்டு நாள் வந்து ஹெச்.எம். அறையில் உட்கார்ந்து ரொக்கப் பதிவேட்டைப் பார்ப்பார். எந்த முடிவு கேட்டாலும் நாளைக்குச் சொல்கிறேன் என்பார் அந்த அம்மா. வீட்டில் கேட்டுவிட்டு வர வேண்டும். எங்களுக்கு அது அல்வா. "பொம்பளன்னாலே இதான்" என்று சொல்லிவிட்டோம். நான் பார்த்த ஆண் ஹெச்.எம்.களில் ஒருவர் பணக் கையாடலில் தற்காலிகப் பணிநீக்கமே ஆனார். அதை வைத்து ஆண்களைப் பற்றி யாரும் ஒரு சொல் சொன்ன நினைவில்லை.

நான் சேர்ந்தபோது பதின்மூன்று பேரில் நான்கு டீச்சர்கள். இப்போதிருக்கும் பள்ளியில் பதினான்கு பேரில் ஒன்பது பேர். நாடு முழுக்கவே அப்படித்தான். மத்திய கல்வி அமைச்சகத்தின் 2024-25 யுடைஸ் அறிக்கைப்படி இந்தியாவில் ஆசிரியர்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டார்கள், அதில் 54 சதவீதம் பெண்கள். தமிழ்நாட்டில் 1989 முதலே அரசு வேலையில் பெண்களுக்கு 30 சதவீதம் உண்டு, அதை 40 ஆக்குவதாக 2021இல் அறிவித்தார்கள். வகுப்பறைக்குள் வருவதற்கு இதெல்லாம் உதவுகிறது. ஹெச்.எம். அறைக்குப் போகும் வழியில்தான் என் அம்மாவின் முட்டி வலியும் பையனின் பதினொன்றாம் வகுப்பும் வந்து நிற்கின்றன.

மேடம் 2018 மே மாதம் ஓய்வு பெற்றார். அப்போது ஓய்வு வயது 58தான், 59, 60 ஆனதெல்லாம் அப்புறம். பிரிவு உபசார விழாவில் நான் ஒரு வாழ்த்துப்பா வாசித்தேன். "அன்னையாய், தமக்கையாய்" என்று ஆரம்பிக்கும். அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்த முகம் இப்போது நினைவுக்கு வருகிறது. எட்டு மணி பஸ்ஸைப் பற்றி எழுதியிருக்கலாம்.

போன ஞாயிறு அவருக்குப் போன் செய்தேன். இப்படி ஒன்று எழுதப் போகிறேன், சாவி, பஞ்சாயத்து அலுவலகம் எல்லாம் வரும், உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்டேன்.

"எழுதுங்க சார். பேர் போட வேணாம்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "சிவப்பு மைன்னு போட்டாலே தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்சுடும்" என்றார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்கத் துணிவு வரவில்லை. பேச்சை மாற்றுவதற்காக மனைவியின் பட்டியல் விஷயத்தைச் சொன்னேன். "போன அவங்ககிட்ட குடுங்க" என்றார்.

மனைவி போனை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள். முக்கால் மணி நேரம். நான் இங்கே உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு முறை சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பி வந்து போனை சார்ஜில் போட்டாள்.

"அவங்களும் ஒரு தடவ உரிமை விட்டவங்களாம். பொண்ணு அப்ப பிளஸ் டூவாம். தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. ஏழு வருடம் கூட வேலை பார்த்திருக்கிறேன்.

அவள் மேசையிலிருந்த தாளை எடுத்து, மேலே ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையைத் தட்டிவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். "திண்டிவனத்துலேந்து காலைல வந்தவாசிக்கு முதல் பஸ் எத்தன மணிக்குங்க?" என்று கேட்டாள்.